தண்டு நுனியில் குருத்தணுக்கள் தீராமல் இருப்பது எப்படி: சைட்டோகைனினும் ஆக்ஸினும் பிரித்துக்கொள்ளும் வேலை

ஒரு செடியின் நுனியைப் பொத்தியிருக்கும் இளம் இலைகளை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால், கடைசியில் ஈரப்பளபளப்போடு ஒரு சிறு மேடு மிஞ்சும். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மி.மீ.; அதில் இருப்பவை சில நூறு செல்கள். தண்டு, இலை, பூ, காய், விதை என மண்ணுக்கு மேலே கண்ணில் படுகிற அத்தனையும் அந்த மேட்டிலிருந்து வந்தவை. பாடநூல்கள் இதைத் தண்டு நுனி ஆக்குத்திசு என்கின்றன. இதன் உச்சியில், நடுவே, சுமார் 35 செல்கள்தான் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள். நூற்றாண்டுகள் வாழும் மரமும் தன் கிளைநுனிகளில் இப்படிப்பட்ட சிறு கூட்டங்களை வைத்துக்கொண்டுதான் ஆண்டுதோறும் புதிதாகத் தளிர்க்கிறது.

இந்தச் செல்கள் பிறவியிலேயே தனித்தன்மை வாய்ந்தவை என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை என்பதுதான் இந்தத் துறையின் மிக முக்கியமான பாடம். நடு மண்டலத்துச் செல்கள் மெதுவாகவும், ஓர மண்டலத்துச் செல்கள் அதைவிட விரைவாகவும் பிரிகின்றன. அராபிடாப்சிஸில் நடுவில் ஒரு பிரிவுக்கு 36 முதல் 72 மணி நேரம் ஆனால், ஓரத்தில் 18 முதல் 48 மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு பிரிவும் பக்கத்துச் செல்களைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. இன்று உச்சியில் இருக்கும் குருத்தணுவின் வாரிசுகள் சில நாட்களில் ஓரத்துக்கு வந்து, இலையாகவோ பூவாகவோ ஆகிவிடும். ஓடும் ஆற்றில் ஒரே இடத்தில் நிற்கும் சுழி போன்றது இந்த நுனி: நீர் மாறிக்கொண்டே இருக்கிறது, சுழி அங்கேயே இருக்கிறது. எந்தச் செல் அந்த இடத்தில் நிற்கிறதோ அது குருத்தணு. இடத்தை விட்டு நகர்ந்ததும் அந்தத் தகுதி போய்விடும்.

இதைக் காட்டும் சோதனை பழையது. 1929இல் பில்கிங்டன் என்ற ஆய்வாளர் லூபின் செடியின் நுனிமேட்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்தார். இரண்டு பாதிகளும் தனித்தனி நுனிகளாகத் தங்களை மறுபடி அமைத்துக்கொண்டு வளர்ந்தன. பின்னாளில் தக்காளி நுனியின் நடு மண்டலத்தை லேசர் கதிரால் சுட்டு அழித்துப் பார்த்தார்கள். வளர்ச்சி நிற்கவில்லை, பக்கத்தில் ஒரு புதிய நடு மையம் உருவானது. ஆகவே கேள்வி "குருத்தணு என்றால் என்ன?" என்பதைவிட, "குருத்தணுவுக்கான இடத்தை ஒவ்வொரு மணி நேரமும் யார் குறித்துக்கொடுக்கிறார்கள்?" என்பதே. விடையில் பாதி சில மரபணுக்கள், மறுபாதி ஹார்மோன்கள்.

வுஷெலும் கிளவாட்டாவும்

ஹார்மோன்கள் எதைப் பிடித்து இழுக்கின்றன என்று தெரிய, முதலில் இந்த இரண்டு பெயர்களும் வேண்டும்.

நுனிமேடு அடுக்கடுக்கானது. வெளி இரண்டு அடுக்குகளில் செல்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் மட்டுமே பெருகுவதால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. முதல் அடுக்கு மேல்தோலாகிறது. இரண்டாவதிலிருந்து மற்றவற்றோடு மகரந்தமும் கருமுட்டையும் வருகின்றன. அதற்குக் கீழே உள்ள செல்கள் எல்லாத் திசையிலும் பிரிந்து உட்திசுக்களைத் தருகின்றன. குருத்தணுக்கள் இந்த மூன்று அடுக்குகளிலும் உண்டு. அவற்றுக்குச் சற்றுக் கீழே அமைப்பு மையம் என்ற சிறு செல்தொகுதி இருக்கிறது. வுஷெல் என்ற மரபணு அங்கேதான் இயங்குகிறது.

வுஷெல் புரதம் பிற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் வல்லது. அது உருவான செல்லிலேயே தங்குவதில்லை. பக்கத்துச் செல்களை இணைக்கும் நுண்துளைகள் வழியாக மேலே ஏறி, அங்குள்ள செல்களைக் குருத்தணுக்களாக வைத்திருக்கிறது. அந்தக் குருத்தணுக்கள் கிளவாட்டா 3 என்ற சிறு பெப்டைடைச் சுரக்கின்றன. முதிர்ந்த நிலையில் அது 12 அல்லது 13 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு. அது கீழே பரவி, கிளவாட்டா 1 முதலான ஏற்பிகளில் ஒட்டி, வுஷெலை அடக்குகிறது. குருத்தணுக்கள் கூடினால் பெப்டைடு கூடும், வுஷெல் குறையும், குருத்தணுக்கள் குறையும். குறைந்தால் நேர்மாறு. 2000ஆம் ஆண்டில் இந்தச் சுழற்சி தெளிவாக விளங்கியது.

வுஷெல் பழுதான செடியில் நுனி சில இலைகளோடு நின்றுவிடும். பிறகு வேறோர் இடத்தில் ஒரு நுனி கிளம்பும், அதுவும் நிற்கும். செடி விட்டுவிட்டு வளர்ந்த புதராகத் தெரியும். கிளவாட்டா பழுதானால் நுனி பருத்து, தண்டு பட்டையாகி, பூவுறுப்புகள் எண்ணிக்கையில் கூடும். இரண்டு சூலிலைகள் இருக்கவேண்டிய காயில் நான்கோ அதற்கு மேலோ இருக்கும். தக்காளி இதை நன்றாகக் காட்டுகிறது. காட்டுத் தக்காளியின் காயில் பெரும்பாலும் இரண்டு அறைகள். வெட்டினால் பல அறைகள் தெரியும் பெரிய தக்காளி ரகங்களில், வுஷெல் மரபணுவுக்கு அருகிலும் கிளவாட்டா 3 மரபணுவின் முகப்புப் பகுதியிலும் (மரபணுவின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் டிஎன்ஏ பகுதி) ஏற்பட்ட மாற்றங்கள் குடியிருக்கின்றன. அந்த மரபணுக்களின் பெயர் தெரியாமலேயே, பெரிய காயைத் தேர்ந்து விதையெடுத்த உழவர்கள் குருத்தணுக் கூட்டத்தின் அளவைத்தான் தேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சுழற்சி மட்டும் இருந்தால் ஒரு சிக்கல். அது அளவைக் கட்டுப்படுத்தும். மையம் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லாது. லேசரால் மையத்தை அழித்த பிறகு சரியான ஆழத்தில், சரியான இடத்தில் புது மையம் வந்தது எப்படி? அங்கேதான் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வருகிறது.

சைட்டோகைனின்: மேலிருந்து ஆழத்தை அளக்கும் குறி

சைட்டோகைனின்கள் அடினின் என்ற மூலக்கூறோடு ஒரு பக்கச் சங்கிலி சேர்ந்தவை. 1955இல் ஸ்கூக், மில்லர் குழுவினர் ஹெர்ரிங் மீனின் விந்தணு டிஎன்ஏவை அழுத்தக் கொதிகலனில் (ஆட்டோகிளேவ்) சூடாக்கியபோது கிடைத்த கைனெட்டின்தான் முதலில் அறியப்பட்டது. செடிகளில் இயற்கையாக உள்ள ஸீயாட்டின், 1963இல் மக்காச்சோளத்தின் இளம் மணிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

செடி இதைத் தயாரிக்கும் முறையிலேயே கட்டுப்பாடு ஒளிந்திருக்கிறது. ஐபிடி என்ற நொதி முதலில் ஒரு முன்னோடிப் பொருளைச் செய்கிறது. அதில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் ஒட்டியிருப்பதால் ஏற்பிகளுக்கு அது பிடிபடாது, செயலற்றது. அந்த ஒட்டுகளை ஒரே வெட்டில் நீக்கிச் செயல்படும் வடிவத்தை வெளிவிடுவது லாக் என்ற நொதி. நெல்லில் 2007இல் இது கண்டறியப்பட்டது. லாக் பழுதான நெல்லில் நுனி சீக்கிரமே தீர்ந்துபோகும், கதிர் சிறுத்துவிடும், பூக்கள் பலவற்றில் ஒரே ஒரு மகரந்தத்தாள் மட்டும் இருக்கும், சூலகம் இருக்காது. இந்த மரபணு நெல்லின் நுனி உச்சியில்தான் இயங்குகிறது. அராபிடாப்சிஸிலும் இதன் உறவான ஒரு மரபணு முதல் அடுக்கில் இயங்குகிறது. முன்னோடிப் பொருள் செடி முழுக்க ஓடலாம். அது சைட்டோகைனினாக உயிர்பெறுவது எங்கே என்பதை லாக் முடிவுசெய்கிறது.

இப்போது படத்தைச் சேர்த்துப் பாருங்கள். மேல்தோலில் செயல்படும் சைட்டோகைனின் உருவாகிறது. அங்கிருந்து கீழே பரவும்போது அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. அதை உணரும் ஏற்பிகளில் முக்கியமான ஏஹெச்கே4 நடுப்பகுதியின் உட்புறத்தில் மிகுந்திருக்கிறது. மேலே உள்ள இரண்டு மூன்று அடுக்குகளில் கிளவாட்டா பெப்டைடு வுஷெலை அடக்குகிறது. மிகக் கீழே போனால் சைட்டோகைனின் போதாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு பகுதியில் மட்டுமே வுஷெல் இயங்க வழியுண்டு. ஆகவே மையம் எப்போதும் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய அதே ஆழத்தில் அமைகிறது. நுனியைப் பிளந்தாலும் சுட்டாலும் ஒரு மேற்பரப்பு மிஞ்சும். மேற்பரப்பு இருக்கும்வரை ஆழத்தை அளக்க முடியும். காயப்பட்ட நுனி தன்னைத் திருத்திக்கொள்வதன் பின்னணி இது என்பது என் கணிப்பு.

சைட்டோகைனின் ஏற்பியில் ஒட்டியதும் ஒரு பாஸ்பேட் கைமாறத் தொடங்குகிறது: ஏற்பியிலிருந்து ஏஹெச்பி புரதத்துக்கு, அதிலிருந்து செல் உட்கருவில் உள்ள ஏஆர்ஆர் புரதங்களுக்கு. இந்த ஏஆர்ஆர் புரதங்களில் இரண்டு வகை. பி வகைப் புரதங்கள் பாஸ்பேட் கிடைத்ததும் மரபணுக்களை இயக்குகின்றன. அவற்றில் 1, 10, 12 ஆகிய மூன்றும் வுஷெல் மரபணுவின் முகப்பிலேயே நேரடியாக ஒட்டுவதை 2017இல் பல குழுக்கள் காட்டின. ஏ வகை இதற்குத் தடை. சைட்டோகைனின் வந்ததும் ஏ வகையும் உற்பத்தியாகி, செய்தியை அமர்த்திவிடும். சாதாரணச் செல்லில் இந்தத் தடை இருப்பதால் சைட்டோகைனின் தந்த உந்துதல் நீடிப்பதில்லை.

அமைப்பு மையத்தில் கதை வேறு. வுஷெல் புரதம் ஏ வகை மரபணுக்கள் பலவற்றை நேரடியாக அடக்குகிறது. தடை விலகுவதால் மையம் சைட்டோகைனினை மற்ற இடங்களைவிடக் கூர்மையாக உணர்கிறது. அந்த உணர்வு மேலும் வுஷெலை இயக்குகிறது. 2005இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பை இத்துறையின் திருப்புமுனையாகவே கருதுகிறேன். அதுவரை மரபணு வலையும் ஹார்மோன் வலையும் தனித்தனியாகப் பேசப்பட்டன. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் இடம் இதில் வெளிப்பட்டது. ஏ வகைத் தடை ஒன்று பழுதான மக்காச்சோளச் செடியும் இதற்குச் சாட்சி. ஏபிபிஹெச்1 எனப்படும் அந்தச் செடியின் நுனி அகன்றுவிடுகிறது. கணுவுக்கு ஒரு இலை என்று மாறிமாறி வரவேண்டியது, எதிரெதிராக இரண்டிரண்டாக வருகிறது. நுனி அகன்றால் ஒரே சமயத்தில் இரண்டு இலைகளுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

சைட்டோகைனினைச் சிதைப்பது சிகேஎக்ஸ் நொதி. இதைச் செயற்கையாக மிகுதியாக்கினால் நுனி சிறுத்து, செடி குட்டையாகும். வேர்மட்டும் நன்றாக வளரும். குறைத்தால் பூக்கும் நுனி பெரிதாகும். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹபடாக்கி, கோஷிஹிகாரி என்ற இரு நெல் ரகங்களை ஒப்பிட்டார்கள். ஹபடாக்கியின் கதிரில் மணிகள் மிகுந்திருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அதில் ஓஎஸ்சிகேஎக்ஸ்2 மரபணு குறைவாக இயங்குவது. கதிர் உருவாகும் நுனியில் சைட்டோகைனின் தங்குகிறது, கிளைகளும் பூக்களும் கூடுகின்றன.

இதை வைத்து, சைட்டோகைனினைக் கூட்டினால் விளைச்சல் கூடும் என்று முடிவு கட்டுவது தவறு. குருத்தணுக் கட்டுப்பாட்டை முற்றாக அவிழ்த்துவிட்டால் மக்காச்சோளக் கதிர் பட்டையாகி, வரிசைகள் குலைந்து, மணிகள் ஒழுங்காகப் பிடிக்காது. தக்காளியிலும் மக்காச்சோளத்திலும் இப்போது மரபணுத் திருத்தம் செய்பவர்கள் கிளவாட்டா வகை மரபணுக்களை உடைப்பதில்லை. அவற்றின் முகப்புப் பகுதியில் சிறு வெட்டுகள் போட்டு, இயக்கத்தைச் சற்றே தளர்த்தும் வடிவங்களைத் தேடுகிறார்கள். பயன் அந்தக் குறுகிய இடைவெளியில்தான் இருக்கிறது.

சைட்டோகைனின் உற்பத்தியை நுனியில் தொடர்ந்து நடத்தும் இன்னொரு மரபணுக் குடும்பம் நாக்ஸ். மக்காச்சோளத்தின் நாட்டட் 1, 1991இல் செடிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஹோமியோபாக்ஸ் மரபணு, அதாவது வளர்ச்சியின்போது பிற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் வகையைச் சேர்ந்தது. அராபிடாப்சிஸில் அதன் உறவு எஸ்டிஎம். எஸ்டிஎம் இல்லாத நாற்றில் விதையிலைகள் மட்டும் இருக்கும், நடுவில் நுனியே இருக்காது. நாக்ஸ் புரதங்கள் ஐபிடியைத் தூண்டி சைட்டோகைனினைக் கூட்டுகின்றன. கூடவே ஜிப்ரெல்லின் என்ற இன்னொரு ஹார்மோனின் தயாரிப்பை அடக்குகின்றன. நுனிமேடு முழுவதும் "இன்னும் எதுவாகவும் ஆகாதே" என்ற நிலையில் இருப்பதற்கு இவையே பொறுப்பு.

ஓரத்தில் ஆக்ஸின்

மேட்டின் ஓரத்துக்கு வந்த செல் எந்த உறுப்பாக வேண்டும், எப்போது ஆகவேண்டும் என்பதைச் சொல்வது ஆக்ஸின் என்ற ஹார்மோன். செடியில் இதன் முதன்மை வடிவம் இண்டோல் அசிட்டிக் அமிலம், சுருக்கமாக ஐஏஏ.

பிஐஎன்1 மரபணு பழுதான அராபிடாப்சிஸில் பூந்தண்டு வெறும் ஊசிபோல் நீளும். நுனி உயிரோடு இருக்கிறது, குருத்தணுக்கள் பிரிகின்றன, தண்டும் நீள்கிறது. ஓரத்தில் பூ மட்டும் வராது. பிஐஎன்1 என்பது ஆக்ஸினைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் புரதம். என்பிஏ என்ற பொருளால் ஆக்ஸின் போக்குவரத்தைத் தடுத்தால் தக்காளி நுனியும் இதேபோல் மொட்டையாகும். ரெய்ன்ஹார்ட் குழுவினர் 2000இல் அப்படி மொட்டையான நுனியின் ஓரத்தில், லானோலின் பசையில் கலந்த ஐஏஏவை நுண்துளியாக வைத்தார்கள். வைத்த இடத்தில் இலை முளைத்தது. நடு உச்சியில் வைத்தபோது இலை வரவில்லை. ஆக்ஸின் அதே ஆக்ஸின்தான். அதைக் கேட்கும் செல் இருக்கும் இடம் வேறு.

மேல்தோலில் ஒவ்வொரு செல்லும் தன் பிஐஎன்1 புரதத்தை ஆக்ஸின் மிகுந்த அண்டைச் செல்லின் பக்கமாகத் திருப்பி வைக்கிறது. இதனால் ஆக்ஸின் சிறுசிறு புள்ளிகளில் குவிகிறது. குவிந்த புள்ளியில் செல்சுவரின் பெக்டின் மாறிச் சுவர் இளகுகிறது, எஸ்டிஎம் அணைகிறது, மேடு புடைக்கிறது. அதுதான் இலைத் தோற்றுவி. அதன்பின் அங்கிருந்து ஆக்ஸின் உள்ளே வடிந்து, வருங்கால நரம்பின் பாதையை வகுக்கிறது. சுற்றியுள்ள பகுதியில் ஆக்ஸின் வறண்டுவிடுவதால் பக்கத்திலேயே இன்னொரு இலை கிளம்ப முடியாது. அடுத்த இலை, ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து போதுமான தொலைவு கிடைக்கும் இடத்தில்தான் வரும். சுருள் இலை அமைவில் அடுத்தடுத்த இலைகளுக்கிடையே சராசரியாக 137.5 டிகிரி கோணம் அமைவது இந்தப் போட்டியின் விளைவு.

இடத்தை ஆக்ஸின் தேர்கிறது. நேரத்தைச் சீராக்குவதில் சைட்டோகைனினுக்கும் பங்குண்டு. இளம் தோற்றுவியில் ஆக்ஸின் தூண்டுதலால் ஏஹெச்பி6 என்ற புரதம் உருவாகிறது. பாஸ்பேட்டைக் கைமாற்றும் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தும் அதனால் கைமாற்ற முடியாது. அதனால் சைட்டோகைனின் செய்தியை இடையில் முடக்குகிறது. இது பக்கத்துச் செல்களுக்கும் பரவி, அடுத்த தோற்றுவி சற்றுப் பொறுத்துக் கிளம்பும்படி செய்கிறது. இது இல்லாத செடியில் இரண்டு பூக்கள் ஒரே சமயத்தில் கிளம்பி, தண்டில் அவற்றின் வரிசை மாறிப்போவதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதே ஆக்ஸின், நடுவில்

சைட்டோகைனின் குருத்தணுவைக் காக்கும், ஆக்ஸின் அதை உறுப்பாக மாற்றும்; இரண்டும் எதிரிகள். இப்படிச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஓரத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. நடுவில் அது தவறு என்பதால்தான் இந்தப் பகுதியை அழுத்திச் சொல்கிறேன்.

ஆக்ஸின் நடு மண்டலத்திலும் இருக்கிறது. மோனாப்டெரஸ் என்ற ஆக்ஸின் வழிப் புரதம் ஏஆர்ஆர்7, ஏஆர்ஆர்15 என்ற இரு ஏ வகைத் தடைகளை அடக்குவதை 2010இல் கண்டார்கள். ஆக்ஸின் இங்கே சைட்டோகைனினின் தடையை எடுத்துவிட்டு, அதற்குத் துணைபோகிறது. வுஷெலும் அதே தடைகளைத்தான் அடக்குகிறது என்பதை மேலே பார்த்தோம். இரண்டு வழிகளும் ஒரே பூட்டில் வந்து முடிகின்றன.

அப்படியானால் நடுவில் உள்ள செல்கள் ஆக்ஸின் கேட்டு இலையாக மாறாமல் இருப்பது ஏன்? 2019இல் இதற்கு விடை வந்தது. வுஷெல் ஆக்ஸின் வழி மரபணுக்கள் பலவற்றின் குரோமட்டினை (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த இழையை) சற்று இறுக்கி, அவற்றின் பதிலை மட்டுப்படுத்துகிறது, முற்றாக நிறுத்துவதில்லை. ஆக்ஸின் பதில் முழுதாகத் திறந்தால் குருத்தணுக்கள் வேறு செல்களாகிவிடும். முழுதாக அடைபட்டால் நுனி தொடர்ந்து இயங்காமல் தீர்ந்துபோகும். குறைந்த அளவு பதில் எப்போதும் வேண்டும்.

ஜிப்ரெல்லினை வெளியே நிறுத்துதல்

ஜிப்ரெல்லின் செல்களை நீட்டி முதிரச் செய்வது. நுனிமேட்டில் அது குறைவாக இருந்தாக வேண்டும். நாக்ஸ் புரதங்கள் அதன் தயாரிப்பு நொதியை அடக்குகின்றன. மேட்டின் அடிவாரத்தில் அதைச் சிதைக்கும் நொதியையும் தூண்டி, இளம் இலைகளிலிருந்து கசிந்து வருவதைத் தடுக்கின்றன. இதில் கவனிக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டு பினோ மெனியே என்ற திராட்சை ரகம். அதன் முதல் அடுக்கில் மட்டும் ஜிப்ரெல்லினுக்கு இணங்காத ஒரு சடுதிமாற்றம் இருக்கிறது. உள் அடுக்குகள் சாதாரணமானவை. அந்த வெளியடுக்கிலிருந்து மட்டும் செடியை மீட்டுருவாக்கினால் குட்டையான கொடி வருகிறது. பற்றுக்கம்பிகள் வரவேண்டிய இடங்களில் பூங்கொத்துகள் வருகின்றன. நுனியின் அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் தலைமுறைகளாக ஓடிவருவதற்கும், ஜிப்ரெல்லின் பூங்கொத்தா கம்பியா என்பதைத் தீர்மானிப்பதற்கும் ஒரே கொடி சான்றாகிறது.

வேரும் வெளிச்சமும் சொல்லும் செய்தி

நுனி தனியாக முடிவெடுப்பதில்லை. மண்ணில் நைட்ரேட் கிடைத்தால் வேரில் ஐபிடி3 தூண்டப்பட்டு, சைட்டோகைனினின் முன்னோடி வடிவம் சைலம் வழியே மேலேறுகிறது. நுனியில் லாக் நொதி அதை உயிர்ப்பிக்க, வுஷெல் கூடி, நுனிமேடு சில நாட்களுக்குள் பெரிதாகிறது; பூக்கள் கிளம்பும் வேகமும் கூடுகிறது. தழைச்சத்து இட்ட பயிரில் புது உறுப்புகள் விரைந்து வருவதன் ஒரு காரணம் இந்தப் பாதை.

வெளிச்சமும் சர்க்கரையும் டார் என்ற கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) வழியாக வுஷெலை எழுப்புகின்றன. தக்காளி நுனியை இருட்டில் வைத்தால் புதிய இலை கிளம்புவது நின்றுவிடும்; சைட்டோகைனின் வைத்தால் இருட்டிலும் மறுபடி தொடங்கும்.

வளர்ப்புக் குடுவையில்

மேலே சொன்னவை எல்லாம் திசு வளர்ப்பில் கைக்கு எட்டும் விஷயங்களாகின்றன. 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் காட்டிய விதி இன்றும் அடிப்படை: சைட்டோகைனின் விகிதம் கூடினால் தண்டு, ஆக்ஸின் விகிதம் கூடினால் வேர், இரண்டும் ஒத்துவந்தால் கேலஸ் எனப்படும் உருவமற்ற செல்திரள். அராபிடாப்சிஸில் வழக்கமான இரு கட்ட முறையில் முதலில் லிட்டருக்கு 0.5 மி.கி. 2,4-டி (செயற்கை ஆக்ஸின்), 0.05 மி.கி. கைனெட்டின் உள்ள ஊடகத்தில் கேலஸ் உண்டாக்கி, பிறகு 5 மி.கி. 2-ஐபி (ஒரு சைட்டோகைனின்), 0.15 மி.கி. ஐஏஏ உள்ள ஊடகத்துக்கு மாற்றுவார்கள். இரண்டாம் ஊடகத்தில் பி வகை ஏஆர்ஆர் புரதங்கள் வுஷெலை எழுப்பிய பிறகே குருத்து வரும். முதல் கட்டத்தைத் தாண்டாத திசுவை நேராக இரண்டாவதில் போட்டால் பலன் குறைவு. கேலஸ் என்ற நிலையில்தான் புது நுனியாகும் தகுதி செல்களுக்கு வருகிறது.

நுனிமேட்டையே எடுத்து வளர்ப்பது வேறு வகை. வைரஸ் தாக்கிய செடியிலிருந்து நலமான கன்று பெற இது பயன்படும். 1952இல் மொரெல், மார்ட்டின் இருவரும் டாலியாவில் தொடங்கிவைத்தார்கள். நுனி ஏன் தூய்மையாக இருக்கிறது என்பதற்கு, அங்கே சைலம், புளோயம் இல்லை என்ற விளக்கமே நெடுநாள் சொல்லப்பட்டது. 2020இல் வேறொன்றும் தெரியவந்தது: வுஷெல் தானே புரதத் தயாரிப்பை மட்டுப்படுத்தி, வெள்ளரி மொசைக் வைரஸ் பெருகவிடாமல் தடுக்கிறது.

செய்முறை இது. 2 முதல் 3 செ.மீ. நுனித் துண்டை ஓடும் நீரில் 20 நிமிடம் கழுவவும். 70 சதவீத எத்தனாலில் 30 வினாடி, பிறகு 1 சதவீத குளோரின் தரும் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு சொட்டு ட்வீன் 20 (கரைசல் நன்றாக ஒட்ட உதவும் ஈரமூட்டி) சேர்த்து 10 நிமிடம். கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசவும். நுண்ணோக்கியின் கீழ் இலைகளை நீக்கி, மேட்டோடு ஒன்றிரண்டு தோற்றுவிகளும் சேர்ந்து 0.2 முதல் 0.5 மி.மீ. உயரத்தில் வெட்டி, உடனே ஊடகத்தில் வைக்கவும். காயவிட்டால் சில நிமிடங்களில் கருகும்; விளக்கின் சூடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை தோற்றுவிகள் என்பதில் ஒரு பேரம் இருக்கிறது. அவை இல்லாமல் வெட்டினால் வைரஸ் இல்லாத வாய்ப்புக் கூடும், பிழைக்கும் வாய்ப்புக் குறையும். இளம் தோற்றுவிகளே மேட்டுக்கு ஆக்ஸின் தருபவை. 1970இல் ஸ்மித், முராஷிகே இருவரும் தோற்றுவி ஏதுமற்ற வெறும் மேட்டைச் செடியாக வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு ஊடகத்தில் ஐஏஏ சேர்க்க வேண்டியிருந்தது.

ஊடகம் எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) உப்புக்கலவை. லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், அகார் 7 முதல் 8 கிராம். கிருமி நீக்கும் முன் பிஹெச் 5.8க்குக் கொண்டுவரவும். கிருமி நீக்கும் அழுத்தக் கொதிகலனில் அது சற்று இறங்கும். 5க்குக் கீழே போனால் அகார் சரியாக உறையாது. தொடக்கத்தில் லிட்டருக்கு பிஏபி (ஒரு சைட்டோகைனின்) 0.5 மி.கி., என்ஏஏ (ஒரு செயற்கை ஆக்ஸின்) 0.1 மி.கி., தேவைப்பட்டால் ஜிஏ3 (ஒரு ஜிப்ரெல்லின்) 0.1 மி.கி. என்று வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு இனத்துக்கும் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆக்ஸின் சிறிதாவது இருப்பது ஏன் என்பது மேலே நடு மண்டலம் பற்றிச் சொன்னதிலிருந்து விளங்கும்.

இருப்புக் கரைசலுக்கு 100 மி.கி. பிஏபியைச் சில சொட்டு 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. இருக்கும். நேராக நீரில் போட்டால் கரையாமல் அடியில் தங்கும். அப்படிச் செய்தவர்கள்தான் "ஹார்மோன் வேலை செய்யவில்லை" என்று குழம்புகிறார்கள். பிஏபியும் என்ஏஏவும் 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் தாங்கும். ஐஏஏ வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சிதையும், ஜிஏ3 வெப்பத்தில் சிதையும். இவ்விரண்டையும் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, ஊடகம் ஆறி உறையும் முன் சேர்க்க வேண்டும்.

அடிக்கடி நேரும் கோளாறு, குருத்துகள் கண்ணாடிபோல் தடித்து நீர்கோத்து நிற்பது. சைட்டோகைனின் மிகுதி, இளகிய அகார், காற்றோட்டமில்லாத மூடி ஆகியவை சேர்ந்தால் இது வரும். பிஏபியைப் பாதியாக்கி, அகாரை 9 கிராமாக உயர்த்தி, காற்று புகும் மூடி போட்டால், அடுத்த முறை புது ஊடகத்துக்கு மாற்றும்போது பெரும்பாலும் தேறும். நெருக்கமாகக் குட்டைக் குருத்துகள் கொத்தாக வந்து நீளாமல் நின்றாலும் காரணம் அதே மிகுதிதான். தண்டு பட்டையானால் நுனிமேடே அகன்றுவிட்டது என்று பொருள். அந்தக் குருத்தை இனப்பெருக்கத்துக்கு எடுக்கக்கூடாது. தையடயசூரான் பயன்படுத்துவோர் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அது தானும் சைட்டோகைனினாக வேலை செய்து, செடியின் சிகேஎக்ஸ் நொதியையும் முடக்குகிறது. அதனால் லிட்டருக்கு 0.01 முதல் 0.1 மி.கி. போன்ற சிற்றளவிலேயே வலுவாக வேலை செய்யும்.

வெளியடுக்கு ஒன்றும் உள்ளடுக்கு வேறொன்றுமாக உள்ள இருநிற இலைச் செடிகளைப் பெருக்கும்போது, கேலஸ் வழியாகப் போகவே கூடாது. புதுக் குருத்து ஒரே அடுக்கின் செல்களிலிருந்து கிளம்பிவிடலாம், வண்ணக்கோலம் அழிந்துபோகும். இலைக்கக்க மொட்டுகளை மட்டும் தூண்டி வளர்த்தால் அடுக்குகள் அப்படியே தொடரும்.

வேர்விடும் கட்டத்தில் சைட்டோகைனினை ஊடகத்திலிருந்து முற்றாக நீக்குவார்கள்; ஆனால் திசுவுக்குள் இருப்பது உடனே போவதில்லை. சில இனங்களில் பிஏபி, குளுக்கோஸ் சேர்ந்த நிலையான வடிவமாகத் தண்டின் அடிப்பகுதியில் தேங்கி, வேர் வருவதைத் தடுக்கிறது. அப்படிப்பட்ட இனங்களில் வேர் ஊடகத்துக்கு முன் ஹார்மோன் இல்லாத ஊடகத்தில் ஒரு சுற்று வளர்த்து, அடியை மறுபடி வெட்டி நடுவது உதவும். பெருக்கும் கட்டத்திலேயே பிஏபிக்குப் பதில் மெட்டா-டோபோலின் என்ற வேறொரு சைட்டோகைனினைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. அதன் சேமிப்பு வடிவத்தைச் செடியால் திரும்ப உடைக்க முடிவதால் அடியில் தேக்கம் குறைகிறது.